லண்டனிலிருந்து பாரிஸ்: தூரமும் நேரமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் 344 கிலோமீட்டர் என்று வரும். போன கோடையில் லண்டன் புறநகரான ஹாரோவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தி மகள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு மனக்கணக்குப் போட்டாள். "விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும். 344ஐ 850ஆல் வகுத்தால் 24 நிமிஷம். அண்ணா, காலையில் போய் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்!"

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பாரிஸில் ஒரு கடையில் காப்பிக்கு உட்கார்ந்தபோது அவள் கைபேசி பன்னிரண்டே கால் காட்டியது. "24 நிமிஷப் பயணத்துக்கு ஏழே கால் மணி நேரமா?" என்றாள். அந்த ஏழே காலிலும் ஒரு மணி நேரம் கணக்கில் சேராது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவள் வகுத்ததில் தப்பில்லை. அவள் எடுத்துக்கொண்ட இரண்டு எண்களும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள், அவ்வளவுதான். பயணச்சீட்டு வாங்கும் தளங்களிலும் சொந்தக்காரர்களின் பேச்சிலும் "தூரம்", "பறக்கும் நேரம்" என்ற இரண்டு சொற்களும் ஒரே பொருளில் புழங்குவதுபோல் தோன்றும். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் அவற்றின் பொருள் வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தத் தூரம்?

கொல்லைப்புறச் சுவர் ஒட்டிய இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் தாளிக்கிற வாசனை இங்கே வரும். ஆனால் ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் வாங்கப் போக வேண்டுமென்றால் தெருமுனை வரை நடந்து, திரும்பி, அடுத்த தெருவில் பாதி தூரம் போக வேண்டும். இரண்டு வீட்டுக்கும் என்ன தூரம்? பத்தடி என்றாலும் சரி, முந்நூறு அடி என்றாலும் சரி. வாசனைக்கு ஒரு தூரம், கிண்ணத்துக்கு ஒரு தூரம்.

லண்டன்–பாரிஸ் கதையும் இதுதான். 344 கி.மீ. என்பது நூல் பிடித்தாற்போல் அளந்த தூரம். காரில், ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகும் 50 கி.மீ. சுரங்கத்தையும் சேர்த்தால், ஏறத்தாழ 460 கி.மீ. வரும். அதே சுரங்கம் வழியாகப் போகும் யூரோஸ்டார் ரயிலின் பாதை 492 கி.மீ. நேர்கோட்டைவிடக் கிட்டத்தட்ட 150 கி.மீ. அதிகம். ஆனாலும் ரயில் தோற்பதில்லை என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

நூலின் இரண்டு முனைகளையும் எங்கே கட்டுவது என்பது அடுத்த கேள்வி. லண்டனுக்கான தூரத்தை வழக்கமாகச் சாரிங் கிராஸ் சந்திப்பிலிருந்து அளப்பார்கள். பிரான்சில் சாலைத் தூரத்துக்குத் தொடக்கப் புள்ளி, பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் முன்னால் தரையில் பதித்திருக்கும் ஒரு வெண்கலத் தகடு. இந்த இரண்டு இடங்களிலும் யாரும் விமானம் ஏறுவதில்லை. ஹீத்ரூ விமான நிலையம் லண்டன் நடுவிலிருந்து மேற்கே இருபது கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. சார்ல் து கோல் விமான நிலையம் பாரிஸுக்கு வடகிழக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே 348 கி.மீ.

இந்த இரண்டுமாவது ஊரை ஒட்டி இருக்கின்றன. மலிவுக் கட்டணச் சீட்டுகளில் "பாரிஸ்" என்று போட்டிருக்கும் பொவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 85 கி.மீ. தள்ளி இருக்கிறது. "பிராங்க்பர்ட்–ஹான்" என்ற பெயரை நம்பி இறங்கினால் பிராங்க்பர்ட் நகரம் இன்னும் 120 கி.மீ. தூரத்தில் இருக்கும். ஊர்ப் பெயரைப் பார்த்துச் சீட்டு வாங்குவதைவிட விமான நிலையத்தின் பெயரைப் பார்த்து வாங்குவது நல்லது.

உருண்டையின் மேல் நேர்கோடு

நூல் பிடித்தாற்போல் என்றேன். ஆனால் பூமி உருண்டை. ஒரு பந்தின் மேல் இரண்டு புள்ளிகள் வைத்து, அவற்றுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் படியும். அந்த நூலை அப்படியே நீட்டிப் பந்தைச் சுற்றினால் பந்து சரிபாதியாகப் பிரியும். அந்த வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். தேடுபொறி காட்டும் 344 கி.மீ. இந்தப் பெருவட்டத்தின் ஒரு சிறு துண்டு.

லண்டன்–பாரிஸ் அளவில் உருண்டையா தட்டையா என்பதால் பெரிய வித்தியாசம் வராது. தொல்லை கொடுப்பது நம் கண்ணில் பதிந்திருக்கும் தட்டை வரைபடம். பள்ளிச் சுவரில் தொங்கியதும் சரி, இன்றைக்குப் பல வரைபடச் செயலிகளில் நாம் பார்ப்பதும் சரி, 1569இல் மெர்க்கேட்டர் என்பவர் வரைந்த முறையை ஒட்டியவை. அந்த முறையில் வடக்கே போகப் போக எல்லாம் பெருத்துத் தெரியும்.

சித்தி மகளிடம் ஒரு சோதனை வைத்தேன். "வரைபடத்தைப் பார். ஒஸ்லோவிலிருந்து ஹெல்சின்கி தூரமா, பார்சிலோனாவிலிருந்து ரோம் தூரமா?" யோசிக்காமல் ஒஸ்லோ–ஹெல்சின்கி என்றாள். திரையில் விரலால் அளந்தால் அதுதான் நீளம், பார்சிலோனா–ரோமைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. உண்மை நேர்மாறு. ஒஸ்லோ–ஹெல்சின்கி சுமார் 790 கி.மீ., பார்சிலோனா–ரோம் சுமார் 860 கி.மீ.

ஆரஞ்சுச் சுளையை நினைத்தால் காரணம் விளங்கிவிடும். சுளை நடுவில் அகலமாகவும் நுனியில் ஊசியாகவும் இருக்கும். பூமியில் வடக்கு தெற்காக ஓடும் தீர்க்கக்கோடுகளும் அப்படித்தான். ஒரு பாகை இடைவெளி நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. அகலம், ரோம் இருக்கும் உயரத்தில் 83 கி.மீ., ஹெல்சின்கிக்குப் போனால் 56 கி.மீ. மெர்க்கேட்டர் வரைபடம் இந்தக் கோடுகளை ஒன்றுக்கொன்று இணையாக நிமிர்த்தி வைத்துவிடுகிறது. அதனால் ஐரோப்பாவின் வட பாதியில் கண்ணளவை நம்பித் தூரம் சொன்னால் எப்போதும் கூடுதலாகத்தான் சொல்வோம்.

இன்னொரு சின்னக் குழப்பம், மைல். லண்டன்–பாரிஸ் 214 மைல் என்று ஒருவர் சொல்வார், 186 என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் சரி. முதலாவது நாம் வழக்கமாகச் சொல்லும் சாதாரண மைல், இரண்டாவது விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பூமிச் சுற்றளவில் ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறுதான் அது. வானத்தில் வழி கணக்கிட அதுதான் சௌகரியம்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: தூரம் என்று ஓர் எண்ணைப் பார்த்தால் எந்த இடத்திலிருந்து எந்த இடம், எந்த வழியாக என்று கேட்க வேண்டும். பெரும்பாலான தளங்கள் தருவது ஊர் நடுவிலிருந்து ஊர் நடு வரை உள்ள பெருவட்டத் தூரம். அந்தக் கோட்டில் விமானம் பறப்பதில்லை.

விமானம் ஏன் சுற்றிக்கொண்டு போகிறது?

விமானம் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். எதிர்க்காற்று இருந்தால் இறக்கைக்குக் கூடுதல் தூக்கல் கிடைக்கும், குறைந்த ஓட்டத்திலேயே எழும்பிவிடும். தென்கிழக்கு இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். ஹீத்ரூவின் இரண்டு ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகவே கிடக்கின்றன. ஆகவே பெரும்பாலான நாட்களில் விமானங்கள் மேற்கு நோக்கி எழும்புகின்றன.

பாரிஸ் இருப்பதோ தென்கிழக்கில். நாங்கள் போன அன்றும் அப்படித்தான், மேற்கே எழும்பி, பிறகு இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து அரைவட்டம் அடித்துக்கொண்டு திரும்பினோம். ஜன்னலோரம் இருந்தவள், "என்ன, எதையாவது மறந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களா?" என்று கேட்டாள். பாரிஸ் பக்கத்திலும் இதே கதை. சார்ல் து கோலின் ஓடுபாதைகளும் கிழக்கு மேற்குதான். மேற்குக் காற்று அடித்தால் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டும். 348 கி.மீ. தூரத்தில் இந்த இரண்டு திருப்பங்களும் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். 3,000 கி.மீ. பயணத்தில் இவை கணக்கிலேயே தெரியாது. குறுகிய பயணங்களில்தான் தூரக் கணக்கு அதிகமாக ஏமாற்றும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கிறது.

நடுவானத்திலும் தெருக்கள் உண்டு. விமானிகள் வழிப்புள்ளி என்ற குறியிடங்களைத் தொட்டுத் தொட்டுப் போவார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஐந்தெழுத்தில் உச்சரிக்கத் தோதாக ஒரு பெயர் இருக்கும். அண்மை ஆண்டுகளில் ஐரோப்பாவின் மேல்வானத்தில் பல பகுதிகளில் இந்தத் தெரு முறையைத் தளர்த்தி, நுழையும் புள்ளியிலிருந்து வெளியேறும் புள்ளி வரை நேராகப் பறக்க விடுகிறார்கள். கீழே, பெருநகரங்களைச் சுற்றி, பழையபடி தெருமுறைதான். நெரிசல் அப்படி.

திரும்பி வரும்போது நெரிசலை நேரில் பார்த்தோம். ஹீத்ரூவில் இறங்க இடமில்லாவிட்டால் வரும் விமானங்களை நான்கு இடங்களில் காக்க வைப்பார்கள். பொவிங்டன், லேம்போர்ன், ஆக்கம், பிக்கின். ஒரே இடத்துக்கு மேலே ஆயிரம் அடி உயர வித்தியாசத்தில் அடுக்கடுக்காக விமானங்கள் செக்குமாடு போல் சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் இருப்பது இறங்கப் போனதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படி கீழே வரும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிஷம். தென்கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு வழக்கமாகப் பிக்கின். நாங்கள் மூன்று சுற்று சுற்றினோம். பன்னிரண்டு நிமிஷம் பறந்தும் லண்டனுக்கு ஓரடிகூட நெருங்கவில்லை.

சில நேரம் வழியே அடைபட்டுவிடும். இஸ்தான்புல்லிலிருந்து லித்துவேனியத் தலைநகர் வில்னியஸுக்கு நூல் பிடித்தால் கோடு உக்ரைன், பெலாரஸ் பக்கமாகப் போகும். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அதனால் இப்போது மேற்கே ஒதுங்கி, போலந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நேர்கோட்டுத் தூரம் மாறவில்லை. பறக்கும் தூரம் மாறிவிட்டது.

850 கிலோமீட்டர் வேகம் எங்கே?

டவுன் பஸ் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியதுதான். ஆனால் அடுத்த நிறுத்தம் அரைக் கிலோமீட்டரில் வந்துவிட்டால் அறுபதைத் தொடுவதற்குள் பிரேக் போட்டாக வேண்டும். லண்டன்–பாரிஸ் விமானம் கிட்டத்தட்ட டவுன் பஸ்தான்.

மணிக்கு 850 கி.மீ. என்பது மேலே சமமாகப் பறக்கும்போது இருக்கும் வேகம். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே விமானத்தின் வேகமானிக்கு மணிக்கு 250 கடல் மைல், அதாவது 463 கி.மீ. என்பதே உச்ச வரம்பு. இறங்குவதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும். 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல், சரியாக 200 கி.மீ. அந்த உயரத்துக்கு ஏறுவதற்கும் இருநூறு கி.மீ.க்குக் குறையாமல் ஆகும். ஏற இருநூறு, இறங்க இருநூறு. மொத்தம் இருப்பதே 348!

ஆகவே பாரிஸ் விமானம் அவ்வளவு உயரத்துக்கு ஏறுவதே இல்லை. ஏறி முடித்துக் கொஞ்ச நேரம் சமமாகப் பறப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். பணிப்பெண்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு அவசரமாகப் போவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன். கிலோமீட்டரை 800ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். லண்டன்–பாரிஸுக்கு 26 நிமிஷமும் அரை மணியும், 56 நிமிஷம். லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கிக்கு, ஐரோப்பாவின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு, 3,360 கி.மீ. அதற்கு நான்கு மணி 12 நிமிஷமும் அரை மணியும், நாலே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. துல்லியமான சூத்திரம் இல்லை, ஆனால் வெறுமனே வகுத்துப் பார்ப்பதைவிட எவ்வளவோ தேவலை.

சீட்டில் போட்டிருக்கும் நேரம்

எங்கள் சீட்டில் ஒரு மணி 20 நிமிஷம் என்று போட்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொண்டே போனேன். (இப்படிச் செய்கிறவனோடு பயணம் போவது கஷ்டம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.) கதவை மூடி விமானம் பின்னால் நகர்ந்ததிலிருந்து சக்கரம் தரையைவிட்டு எழும்ப 18 நிமிஷம். வானத்தில் 50 நிமிஷம். பாரிஸில் தரை தொட்டதிலிருந்து நிறுத்துமிடம் போய்ச் சேர 12 நிமிஷம். கூட்டினால் 80, சீட்டில் இருந்த அதே நேரம்.

சீட்டில் இருப்பதற்குப் பிளாக் நேரம் என்று பெயர். லாரியை மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பார்களே, நிறுத்தி வைத்த விமானத்துக்கும் அப்படி வைப்பார்கள். ஓர் ஊரில் கட்டையை எடுத்ததிலிருந்து அடுத்த ஊரில் கட்டையை வைக்கும் வரை ஆகும் நேரம்தான் பிளாக் நேரம். சக்கரம் தரையில் இல்லாத நேரம் பறக்கும் நேரம். பேச்சில் இரண்டையுமே பறக்கும் நேரம் என்றுதான் சொல்கிறோம். ஒருவர் முக்கால் மணி என்றும் இன்னொருவர் ஒன்றேகால் மணி என்றும் அடித்துப் பேசுவது இதனால்தான்.

தரையில் ஊர்வதற்கு எவ்வளவு நேரமாகும் என்பது விமான நிலையத்தைப் பொறுத்தது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் போல்டர்பான் என்று ஓர் ஓடுபாதை இருக்கிறது, 2003இல் திறந்தது. முனையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருப்பதால் இறங்கிய விமானம் நெடுஞ்சாலையின் மேல் பாலத்தில் ஏறிக் கடந்து வர வேண்டும். கீழே கார்கள் நூறில் பறந்துகொண்டிருக்கும், மேலே விமானம் ஆடி அசைந்து போகும். கால் மணி நேரம் போனாலும் கதவு திறக்காது.

அப்புறம் இன்னொன்று. விமான நிறுவனங்கள் பிளாக் நேரத்தில் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன. பிக்கினில் மூன்று சுற்றுச் சுற்றினாலும் சமாளிக்கத்தான். எதுவும் தடங்கல் இல்லாத நாளில் "பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டோம்" என்று விமானி பெருமையாக அறிவிப்பார். அந்தப் பத்து நிமிஷம் ஏற்கெனவே அட்டவணையில் ஒளிந்திருந்தது. போதாக்குறைக்கு, விமான உலகில் 15 நிமிஷத்துக்குள் தாமதமானால் அது தாமதமே இல்லை, நேரத்துக்கு வந்த கணக்கில்தான் சேரும்.

இந்தப் பகுதியின் சாரம்: சீட்டில் இருப்பது கட்டையிலிருந்து கட்டை வரையிலான நேரம். அதற்குள் தரையில் ஊர்வது, திருப்பங்கள், ஏற்றம், இறக்கம், கொஞ்சம் கூடுதல் எல்லாம் அடக்கம்.

காற்று செய்கிற வேலை

இஸ்தான்புல் போய்வந்தவர்கள் கவனித்திருப்பார்கள். லண்டனிலிருந்து போகும்போது ஆவதைவிடத் திரும்பும்போது இருபது நிமிஷமோ அரை மணியோ அதிகம். பூமி சுற்றுவதால் அப்படி என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது, அதனால் போகிற ஊர் விலகிப் போகிறது அல்லது எதிரே வருகிறது என்பது அவர்கள் வாதம்.

அது சரியென்றால், இந்த வாதத்தின்படியே பார்த்தால், கிழக்கே போகிறவருக்கு ஊர் விலகிப்போய் நேரம் கூட வேண்டும். நடப்பது நேர்மாறு, கிழக்கே போகும்போதுதான் சீக்கிரம் போய்ச் சேருகிறோம். ஓடும் ரயிலுக்குள் பந்தைத் தூக்கிப் போட்டால் அது உங்கள் கைக்கே திரும்பி வருகிறது, பின் பெட்டிக்குப் பறந்துவிடுவதில்லை. பந்தும் காற்றும் ரயிலோடு சேர்ந்தே ஓடுகின்றன. பூமியோடு சேர்ந்து அதன் காற்று மண்டலமும் அப்படித்தான் சுழல்கிறது.

உண்மைக் காரணம் காற்று வீசும் திசை. ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், நம் விமானங்கள் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறுபோல் காற்று ஓடுகிறது. அதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டிக்கூட வீசும். வளைந்து நெளிந்து இடம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது.

ஆற்றில் ஓடம் விடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். துடுப்பு போடும் வேகம் ஒன்று, கரையிலிருந்து பார்த்தால் தெரியும் வேகம் வேறு. லண்டன்–இஸ்தான்புல் 2,500 கி.மீ. காற்றைக் கிழித்துக்கொண்டு 840 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்குப் பின்னாலிருந்து 60 கி.மீ. காற்று தள்ளினால் தரைக்கணக்கில் வேகம் 900, இரண்டு மணி 47 நிமிஷம். திரும்பும்போது 780, மூன்று மணி 12 நிமிஷம். வித்தியாசம் 25 நிமிஷம். ஏற்றம் இறக்கத்தை விட்டுவிட்டேன், அது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகிச் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆகாது. அதே காற்று 120 கி.மீ. வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொண்டால், போய்வர மொத்தம் ஆறு மணி ஐந்து நிமிஷம். காற்றே இல்லாவிட்டால் ஐந்து மணி 57 நிமிஷம்தான். எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும் பயணம் நீளமானது, அதனால் நஷ்டப்படும் நேரமும் அதிகம். போகும்போது காற்று உதவியதே என்று சந்தோஷப்பட்டாலும் கடைசிக் கணக்கில் எட்டு நிமிஷம் கடன்தான்.

கடிகாரம் சொல்லும் பொய்

இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம். பாரிஸ் கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். எங்கள் விமானம் 8.20க்குக் கிளம்பி 10.40க்குச் சேர்ந்தது. கழித்தால் இரண்டு மணி 20 நிமிஷம், உண்மையில் ஒன்று 20. பாரிஸில் காலை 9 மணிக்கு ஏறினால் லண்டனில் இறங்கும்போது மணி 9.20. இருபதே நிமிஷத்தில் கடல் தாண்டியதுபோல் இருக்கும்.

கிழக்கே போக ஒரு மணி கூடும், மேற்கே வந்தால் குறையும் என்று மொத்தமாக மனப்பாடம் செய்துகொண்டாலும் சிக்கல்தான். வரைபடத்தில் மாட்ரிட் லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. ஆனாலும் 1940இலிருந்து ஸ்பெயின் வைத்திருப்பது பாரிஸ், பெர்லினின் நேரம். பக்கத்திலேயே இருக்கும் போர்ச்சுகல் லண்டன் நேரத்தில் இருக்கிறது.

பருவமும் ஒரு கை பார்க்கும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னால் இழுப்பார்கள். லண்டனும் பாரிஸும் ஒரே கணத்தில் மாற்றுவதால் இடைவெளி எப்போதும் ஒரு மணிதான். துருக்கி 2016 முதல் இந்த வழக்கத்தை விட்டுவிட்டது. அதனால் லண்டன்–இஸ்தான்புல் வித்தியாசம் கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி. அதே விமானம், அதே நேரப் பயணம், சீட்டில் மட்டும் எண் மாறும்.

வீட்டு வாசலிலிருந்து

ஐந்து மணிக்கு வீட்டைவிட்டு இறங்கினோம். 6.15க்கு ஹீத்ரூ. பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு. 8.20க்குக் கட்டை எடுத்தார்கள். பாரிஸ் நேரம் 10.40க்கு நின்றது. கடவுச்சீட்டு வரிசையைத் தாண்டி வெளியே வர 11.20. ஊருக்குள் போகும் ரயில், நடை, கடை, காப்பி 12.15. கடிகாரப் பொய்யைக் கழித்தால் ஆறே கால் மணி நேரம், 375 நிமிஷம். அதில் வானத்தில் இருந்தது 50.

பறக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு விமானத்தைக் கண்டுபிடித்தாலும் மிச்சப்படுவது 25 நிமிஷம்தான். மற்ற 325 நிமிஷமும் தரையில் கிடக்கிறது. குறுகிய பயணத்தில் ரயில் விமானத்தோடு போட்டி போட முடிவது இதனால்தான். யூரோஸ்டார் 492 கி.மீ.யை இரண்டே கால் மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடக்கிறது. கிளம்புவது லண்டன் நகருக்குள், போய்ச் சேருவது பாரிஸ் நகருக்குள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனையை லண்டனிலேயே முடித்துவிடுவதால் இறங்கியதும் நேராகத் தெருவுக்கு நடந்து போகலாம். லிஸ்பன்–ஹெல்சின்கிக்கு இந்தப் பேச்சே எடுபடாது. தூரம் ஏறும்போது தரையில் கழியும் நேரம் அப்படியே இருக்க, வானத்தில் கழியும் நேரம் வளர்ந்து விமானம் ஜெயித்துவிடும்.

சித்தி மகள் ஊருக்குத் திரும்புவதற்கு முன் இன்னொரு தடவை பாரிஸ் போனோம், ரயிலில். ஹாரோவிலிருந்து யூரோஸ்டார் கிளம்பும் செயின்ட் பாங்கிரஸ் நிலையம் போய்ச் சேர முக்கால் மணி, அங்கே காத்திருந்தது ஒன்றேகால் மணி, ரயிலில் இரண்டு மணி 20 நிமிஷம். கார் து நோர் நிலையத்தில் இறங்கிக் கைபேசியில் லாச்சப்பல் என்று தேடினாள். தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவுக்கு நடந்து பத்து நிமிஷம் என்று காட்டியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சரியாகப் பத்தாவது நிமிஷம் இட்லி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.